புகைக்கு ஒரு ஆடிட்டர்

"பி.காம் படிக்கிற உனக்கு ஆர்க்டிக் பனியில் படிகிற கரியைப் பற்றி என்ன கவலை?" என்று வகுப்புத் தோழர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். அதிலும் மணமேல்குடிக்காரன் கேட்க வேண்டிய கேள்விதான். எங்கள் ஊரில் பனி என்றால் மார்கழி விடியலில் மீன் வலைமேல் ஈரமாக நிற்பது. அவ்வளவுதான் எங்களுக்கும் பனிக்கும் உள்ள உறவு :-)

ஆனால் இந்த ஆர்க்டிக் கரி விவகாரம் அடிப்படையில் ஒரு கணக்கு வழக்கு. செலவு ஆகியிருக்கிறது. அதை யார் பேரில் பற்று எழுதுவது என்பதில் தகராறு. பேரேட்டில் ஆளாளுக்கு ஒரு தொகை எழுதுகிறார்கள், யாரிடமும் வவுச்சர் இல்லை. இந்த நேரத்தில்தான் ஒரு ஆடிட்டர் உள்ளே வருகிறார். அவர் பெயர் கார்பன்-14. அவர் சொன்னது என்ன, சொல்லாதது என்ன என்று பிரித்துப் பார்த்தால் நம் வீட்டு அடுப்படி வரைக்கும் வந்து நிற்கிறது கதை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஆர்க்டிக். 1950களில் அமெரிக்க விமானப்படையின் வானிலை விமானங்கள் வடதுருவப் பக்கம் பறந்தபோது விமானிகள் ஒரு விசித்திரத்தைப் பார்த்தார்கள். ஆலை இல்லை, ஊர் இல்லை, கண்ணுக்கெட்டிய தூரம் பனிதான். ஆனாலும் வானத்தில் அழுக்கு மூட்டம்! மர்ரே மிட்செல் என்ற வானிலையாளர் 1956ல் இதைப் பற்றி எழுதினார். 'ஆர்க்டிக் மூட்டம்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. அப்புறம் வந்த ஆய்வாளர்கள் அந்தத் தூசியில் இருந்த உலோகங்களைப் பார்த்து, இது ஐரோப்பா, ரஷ்யா பக்கத்துத் தொழிற்சாலைகளில் இருந்து குளிர்காலக் காற்றோடு வந்தது என்று கண்டுபிடித்தார்கள். வெள்ளைப் பனியில் கரி விழுந்தால் பனி வெயிலை வாங்கிக்கொள்ளும், சீக்கிரம் உருகும். வெள்ளை வேட்டியையும் கறுப்புக் குடையையும் வெயிலில் வைத்துத் தொட்டுப் பார்த்தாலே இது புரிந்துவிடும்.

நம் நாட்டுக்கும் அங்கே ஒரு வீடு இருக்கிறது. நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவில், நி-ஓலசுண்ட் என்ற ஊரில் 'ஹிமாத்ரி' ஆய்வு நிலையம் 2008 ஜூலையில் திறக்கப்பட்டது. வடதுருவத்தில் இருந்து சுமார் 1200 கிலோமீட்டர் தூரம். 2022ல் இந்தியா தன் ஆர்க்டிக் கொள்கையையும் வெளியிட்டது. ஆக, துருவத்தில் நடப்பது நம் விஷயம் இல்லை என்று டெல்லியே நினைக்கவில்லை.

இனி நம் கடலுக்கு வருவோம். எங்கள் கரையில் காற்றுக்குத் திசைவாரியாகப் பெயர் உண்டு. வாடை, கொண்டல், சோழகம், கச்சான். இதில் வாடை வீசும் மாதங்களில் வடக்கே இருந்து நிலத்துக் காற்று கடலுக்கு இறங்கும். அந்தக் காற்றில் என்னென்ன வருகிறது என்று பார்க்க 1999 ஜனவரி முதல் மார்ச் வரை ஒரு பெரிய ஆய்வு நடந்தது. பெயர் 'இண்டோயெக்ஸ்'. கப்பல்கள், விமானங்கள், மாலத்தீவில் ஒரு நிலையம், பல நாட்டு விஞ்ஞானிகள். தலைமை தாங்கியவர்களில் முக்கியமானவர் வீரபத்ரன் ராமநாதன். நம்ம சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர்! அவர்கள் பார்த்தது, தெற்காசியாவையும் அதைச் சுற்றிய கடலையும் மூடிக்கிடந்த பழுப்பு நிறப் புகைமூட்டம். உயரம் சுமார் 3 கிலோமீட்டர் வரைக்கும்.

2002ல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் இதைப் பற்றி ஒரு அறிக்கை வெளியிட்டது. தலைப்பு 'ஆசியப் பழுப்பு மேகம்'. அவ்வளவுதான், இங்கே பற்றிக்கொண்டது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் சீனிவாசனும் சுலோசனா காட்கிலும் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் அந்த அறிக்கையைக் கடுமையாக விமர்சித்து எழுதினார்கள். புகை எல்லாக் கண்டத்திலும் இருக்கும்போது பெயரில் மட்டும் எதற்கு ஆசியா என்ற கேள்வியும் சூடாக எழுந்தது. பிறகு அந்தத் திட்டத்தின் பெயரே 'வளிமண்டலப் பழுப்பு மேகங்கள்' என்று மாறிவிட்டது. பெயரை மாற்றியாகிவிட்டது. சரி, புகை யாருடையது?

இங்கேதான் இரண்டு கணக்குப் புத்தகங்கள் மோதின. நாட்டில் எவ்வளவு விறகு, எவ்வளவு டீசல், எவ்வளவு நிலக்கரி எரிகிறது என்று கூட்டிப் பார்த்தவர்கள், கரியில் 50 முதல் 90 சதவீதம் விறகு, சாணம் போன்றவற்றில் இருந்து வருகிறது என்றார்கள். காற்றில் மிதக்கும் துகளைப் பிடித்து அதில் உள்ள தனிமங்களைப் பார்த்தவர்களோ, இல்லை இல்லை, டீசலும் நிலக்கரியும்தான் என்றார்கள். ஒரே கடைக்கு இரண்டு கணக்குப்பிள்ளை, இரண்டு வெவ்வேறு இருப்பு! பி.காம் முதல் வருஷம் படிக்கிறவருக்குக்கூடத் தெரியும், இந்த நிலைமையில் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று. வெளியில் இருந்து ஒரு தணிக்கையாளரைக் கூப்பிட வேண்டும்.

கார்பன்-14ஐத் தமிழர்களுக்குப் புதிதாக அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. கீழடியே அறிமுகம் செய்துவிட்டது. அங்கே கிடைத்த கரித்துண்டுகளை அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் உள்ள ஆய்வகத்துக்கு அனுப்பி, அதில் ஒன்று கி.மு. 580ஐச் சேர்ந்தது என்று 2019ல் தமிழ்நாடு தொல்லியல் துறை அறிவித்ததே, அதே சோதனைதான். காற்றின் உயரத்தில் விண்வெளிக் கதிர்கள் நைட்ரஜன் அணுவில் மோதும்போது கார்பன்-14 உருவாகிறது. செடி கொடி மரம் எல்லாம் காற்றில் இருந்து அதை எடுத்துக்கொள்கின்றன. மரம் செத்த பிறகு புதிதாக வரவு இல்லை. இருப்பு மட்டும் குறைந்துகொண்டே வரும். 5730 வருஷத்தில் பாதி, இன்னொரு 5730 வருஷத்தில் அதிலும் பாதி. நம் பாடத்தில் வருகிற குறைந்துசெல் மதிப்பு முறைத் தேய்மானம் மாதிரியே :-)

இப்போது இதைப் புகைக்குப் பொருத்துங்கள். எங்கள் பக்கம் ரோட்டோரம் எங்கே பார்த்தாலும் சீமைக்கருவேலம். அதை வெட்டி எரித்தால் வரும் புகையில் இன்றைய காற்றின் கார்பன்-14 அப்படியே இருக்கும். பக்கத்தில் ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் துறைகளில் இருந்து போகும் விசைப்படகின் டீசல் புகையில் அது துளியும் இருக்காது. ஏனென்றால் பெட்ரோலியம் கோடிக்கணக்கான வருஷம் மண்ணுக்குள் கிடந்தது, இருந்த கார்பன்-14 எல்லாம் எப்போதோ தீர்ந்துவிட்டது. இரண்டு புகையும் கண்ணுக்கு ஒரே கறுப்புதான். ஆனால் பாலில் எவ்வளவு தண்ணீர் என்று லாக்டோமீட்டர் சொல்வது போல, கலந்த புகையில் எவ்வளவு விறகு, எவ்வளவு டீசல் என்று கார்பன்-14 சொல்லிவிடும்.

கூடவே கார்பன்-13 என்று ஒரு உதவித் தணிக்கையாளரும் உண்டு. இவர் தேய்வதே இல்லை. கரும்பு, சோளம், கம்பு ஒரு வகையில் கார்பனைச் சேர்க்கும். நெல்லும் சீமைக்கருவேலமும் வேறு வகை. அந்த வித்தியாசம் கார்பன்-13 அளவில் தெரியும். நிலக்கரி, பெட்ரோலியம், இயற்கை எரிவாயு இவற்றுக்குள்ளும் ஓரளவு வித்தியாசம் காட்டுவார்.

சுவீடனின் ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஓர்யான் குஸ்டாஃப்சன் குழு, நம் நாட்டு விஞ்ஞானிகளையும் சேர்த்துக்கொண்டு, புனே அருகே சிங்ககட் மலையிலும் மாலத்தீவின் ஹனிமாதூவிலும் வாடைக் காற்றை வடிகட்டிப் புகையைச் சேகரித்தது. முடிவு 2009 ஜனவரியில் 'சயின்ஸ்' இதழில் வந்தது. கார்பன் துகள்கள் மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு உயிர்மப் பொருளை எரித்ததால் வந்தது. கறுப்புக் கரியை மட்டும் தனியே எடுத்தால், அளக்கும் முறையைப் பொறுத்துப் பாதி அல்லது மூன்றில் இரண்டு பங்கு. மீதி புதைபடிவ எரிபொருள். இரண்டு கணக்குப்பிள்ளைகளிடமும் பாதிப் பாதி உண்மை இருந்திருக்கிறது.

ஆர்க்டிக்கிலும் இதே தணிக்கை நடந்தது. ரஷ்ய எண்ணெய் வயல்களில் வீணாகும் எரிவாயுவைக் கொளுத்திவிடுவார்கள். ஆர்க்டிக்கில் தரைமட்டக் காற்றில் உள்ள கரியில் 42 சதவீதம் இதனால்தான் என்று 2013ல் ஒரு கணினி மாதிரி சொன்னது. சைபீரியாவின் கடலோர ஊரான டிக்ஸியில் வடிகட்டி வைத்து ஐசோடோப்பு பார்த்தார்கள். 2017ல் வந்த அந்த முடிவில் எரிவாயுக் கொளுத்தலின் பங்கு வெறும் 6 சதவீதம்! போக்குவரத்து 38, வீடுகளில் எரிப்பது 35. இரண்டும் ஒரே இடத்துக் கணக்கு இல்லை என்பது வாஸ்தவம். ஆனாலும் காகிதக் கணக்கும் கல்லாப்பெட்டியும் எவ்வளவு தூரம் விலகிப் போகலாம் என்று இது காட்டுகிறது.

இதுவரைக்கும் செய்தி. இனி என் கருத்து.

2009 முடிவு வந்த பிறகு ஒரு பேச்சு பரவியது. "இந்தியாவின் பழுப்பு மேகத்துக்குக் காரணம் ஏழைகளின் விறகடுப்பு. அதை மாற்றினால் பருவநிலைப் பிரச்சினை மலிவாகத் தீரும்." இதற்கு நம் பக்கத்தில் இருந்து வழக்கமான எதிர்ப்பேச்சு: "இது வெள்ளைக்காரன் சதி. கார் ஓட்டுகிறவன் அவன், பழி நம் அம்மா மேலா?" எனக்கு இரண்டுமே கணக்குத் தப்பாகத் தெரிகிறது.

முதல் தப்பு, தணிக்கையாளர் சொல்லாததை அவர் வாயில் திணிப்பது. கார்பன்-14 சொன்னது 'மரம், செடி, சாணம்' என்று மட்டும்தான். அடுப்பு என்று அது சொல்லவில்லை. பஞ்சாபில் வயலில் எரியும் வைக்கோலும் காட்டுத்தீயும் செங்கல் சூளையின் விறகும் அம்மாவின் அடுப்பும் அதன் கண்ணுக்கு ஒன்றுதான். அந்த ஆய்வாளர்களும் உயிர்ம எரிப்பு, புதைபடிவ எரிப்பு இரண்டையும் குறைக்க வேண்டும் என்றுதான் எழுதினார்கள். 'பலவகைச் செலவுகள்' என்ற தலைப்பில் இருக்கும் தொகை முழுவதையும் ஒரே ஆள் தலையில் எழுதினால் எந்த ஆடிட்டர் கையெழுத்துப் போடுவார்?

இரண்டாவது தப்பு இன்னும் பெரியது. இரண்டு வேறு கணக்குகளை ஒன்றாகக் கலப்பது. கரித்துகள் காற்றில் சுமார் ஒரு வாரம்தான் தங்கும். மழை வந்தால் கீழே இறங்கிவிடும். அது இந்த வருஷத்து இலாப நட்டக் கணக்கு. நிறுத்தினால் அடுத்த மாதமே பலன் தெரியும். கார்பன் டை ஆக்சைடு அப்படியில்லை. அதில் ஒரு பெரும்பகுதி நூற்றாண்டுகள் தங்கும். அது இருப்புநிலைக் குறிப்பில் ஏறும் கடன். 1958ல் ஹவாயின் மௌனா லோவாவில் சார்லஸ் கீலிங் அளக்கத் தொடங்கியபோது பத்து லட்சத்துக்கு 315 பங்கு இருந்தது. இன்று 420ஐத் தாண்டிவிட்டது. இந்தக் கடனை ஏற்றியது யார் என்பதற்கும் ஐசோடோப்புச் சாட்சி இருக்கிறது. காற்றின் கார்பனில் கார்பன்-14 நீர்த்துப்போய்க் கொண்டிருப்பதை 1955லேயே ஹான்ஸ் சூஸ் காட்டினார். காரணம் நிலக்கரியும் எண்ணெயும். இன்றைக்கும் தலைக்கு ஆண்டுக்கு ஒரு அமெரிக்கர் சுமார் 14 டன் வெளிவிடும்போது ஒரு இந்தியர் சுமார் 2 டன்தான்.

எங்கள் கரிப்புகையைக் காட்டி அவர்கள் கடனைத் தள்ளுபடி செய்ய முடியாது. அதே சமயம் அவர்கள் கடனைக் காட்டி எங்கள் புகையை நாங்கள் மறைக்கவும் முடியாது. ஏனென்றால் அந்தப் புகை ஆர்க்டிக் போவதற்கு முன்னால் எங்கே போகிறது? அடுப்பு ஊதுகிறவரின் நுரையீரலுக்கு! வீட்டுக்குள் உண்டாகும் காற்று மாசால் 2019ல் மட்டும் இந்தியாவில் சுமார் 6 லட்சம் பேர் இறந்ததாக 'லான்செட்' குழும இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது. பனிக்கரடிக்காக அடுப்பை மாற்றச் சொன்னால் எங்கள் தெருவில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். இருமலுக்காக மாற்றலாம் இல்லையா?

இங்கே ஒரு வேடிக்கை. விறகை விட்டு கேஸுக்கு மாறினால் கார்பன்-14 கணக்கில் நாம் 'கெட்டவர்' ஆகிவிடுவோம். சிலிண்டரில் இருப்பது புதைபடிவ எரிபொருள்தானே! விறகு 'இயற்கை', கேஸ் 'பெட்ரோலியம்' என்று பசுமைப் பேச்சு பேசுகிறவர்களுக்குக் கிர்க் ஸ்மித் 2002லேயே 'சயின்ஸ்' இதழில் பதில் எழுதிவிட்டார். 1980களின் தொடக்கத்தில் குஜராத் கிராமங்களுக்குப் போய் அடுப்புப் புகையை அளந்தவர் அவர். உலக ஏழைகள் எல்லோரும் சமையலுக்கு கேஸ் பயன்படுத்தினாலும் உலகின் மொத்த வெளியீட்டில் அது மிகச் சிறிய பங்குதான், பூமிக்கடியில் இருக்கும் எண்ணெயில் முதல் உரிமை அவர்களுக்குத்தான் இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். 2020ல் அவர் காலமானார். அவர் வாதம் இன்னும் வலுவாகவே நிற்கிறது என்று நினைக்கிறேன்.

சரி, அடுப்பு கொடுத்தால் போதுமா? தமிழ்நாட்டில் தி.மு.க. ஆட்சியில் 2007 வாக்கில் இலவச கேஸ் அடுப்பு வந்தது. 2016 மே மாதம் மத்திய அரசின் உஜ்வலா வந்தது. எங்கள் பக்கம் கேஸ் அடுப்பு இல்லாத வீடு அபூர்வம். ஆனால் கொல்லையில் விறகடுப்பும் இருக்கும். குளிக்க வெந்நீர், நெல் அவியல், கருவாட்டுக் குழம்பு எல்லாம் அங்கேதான். காரணம் பழமை மோகம் என்று பட்டணத்தில் இருப்பவர்கள் சொல்வார்கள். எனக்குத் தெரிந்த காரணம் எளிமையானது. சீமைக்கருவேலம் சும்மா கிடைக்கிறது, சிலிண்டருக்குப் பணம் கொடுக்க வேண்டும். இணைப்பு மூலதனச் செலவு, ஒரு தடவை அரசு கொடுத்துவிடலாம். நிரப்புவது நடைமுறைச் செலவு, மாதா மாதம் வீடுதான் கொடுக்க வேண்டும். முதலாவதைக் கொடுத்துவிட்டு ரிப்பன் வெட்டுகிறார்கள். இரண்டாவதைப் பற்றிப் பேச ஆள் குறைவு.

இதற்குச் சாட்சி தூரத்தில் இல்லை. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணன் இந்தியப் பகுதிக்குத் தலைமை தாங்கிய ஒரு பன்னாட்டு ஆய்வு, நாகப்பட்டினம், விழுப்புரம் மாவட்டங்களில் நடந்தது. கர்ப்பிணிகளுக்கு அடுப்போடு கேஸையும் தொடர்ந்து இலவசமாகக் கொடுத்தார்கள். விறகடுப்பு கிட்டத்தட்ட அணைந்தே போனது! ஆய்வு நடந்த 4 நாடுகளையும் சேர்த்துப் பார்த்தால், அவர்கள் சுவாசித்த நுண்துகள் கன மீட்டருக்குச் சுமார் 24 மைக்ரோகிராம்தான், பழைய அடுப்பிலேயே தொடர்ந்தவர்களுக்குச் சுமார் 70. குழந்தைகளின் பிறப்பு எடையில் மட்டும் எதிர்பார்த்த வித்தியாசம் வரவில்லை என்று 2022ல் நேர்மையாகவே எழுதினார்கள். அதனால் கேஸ் கொடுத்தால் சகல நோயும் தீரும் என்று நான் அளக்கப் போவதில்லை. ஆனால் 'பெண்கள் பழக்கத்தை விடமாட்டார்கள்' என்ற பேச்சு பொய் என்பது நிரூபணம் ஆகிவிட்டது. விடுவார்கள், எரிபொருள் கைக்கு எட்டினால்.

ஆகவே நான் கேட்பது மூன்று. ஒன்று, சிலிண்டர் மானியத்தை இணைப்பு எண்ணிக்கையால் அளக்காமல், ஏழை வீடு வருஷத்துக்கு எத்தனை தடவை நிரப்புகிறது என்பதால் அளக்க வேண்டும். இரண்டு, அடுப்பைப் பற்றிப் பேசும் அதே மூச்சில் டீசல் படகு, லாரி, அனல்மின் நிலையம், கரிமூட்டம் எல்லாவற்றையும் பேச வேண்டும். தணிக்கை அறிக்கையில் ஒரு பாதியை மட்டும் வாசிப்பது மோசடி. மூன்று, நம் கரையிலும் வடிகட்டி வைத்து ஐசோடோப்பு பார்க்க வேண்டும். அகமதாபாத் பி.ஆர்.எல். ஆய்வகத்திலும் டெல்லி ஐ.யு.ஏ.சி. மையத்திலும் கார்பன்-14 அளக்கும் கருவிகள் இப்போது இருக்கின்றன. ஃபுளோரிடாவுக்கு அனுப்ப வேண்டியதில்லை. பாக் நீரிணைக் காற்றில் சீமைக்கருவேலம் எவ்வளவு, டீசல் எவ்வளவு, வடக்கே இருந்து வாடை கொண்டுவந்தது எவ்வளவு என்று தெரிந்தால்தான் யாரிடம் எதைக் கேட்பது என்பது தெரியும்.

கீழடிக் கரித்துண்டு நம் வயதைச் சொன்னபோது பெருமையோடு ஏற்றுக்கொண்டோம். அதே சோதனை நம் புகையின் பங்கைச் சொல்லும்போதும் ஏற்றுக்கொள்ள வேண்டும். ஏற்றுக்கொண்ட கையோடு, அமெரிக்காவின் பழைய கடன் சீட்டையும் எடுத்து மேஜைமேல் வைக்க வேண்டும். நம் பங்கை ஒளிக்காதவர்களுக்குத்தான் அடுத்தவர் பாக்கியைக் கேட்கிற குரல் இருக்கும்.

காமர்ஸ் நண்பர்களே, தேர்வில் இதில் இருந்து கேள்வி வராது, பயப்பட வேண்டாம் :-) ஆனால் அடுத்த தடவை யாராவது 'மாசுக்குக் காரணம் இவர்கள்தான்' என்று விரல் நீட்டினால், வவுச்சர் எங்கே என்று மட்டும் கேளுங்கள்.